200-இல் ஒரு பங்கு: மேசை ராக்கெட்டும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரம். வகுப்பில் 28 மாணவர்கள். 28 பேரின் நோட்டிலும் ஒரே கணக்கு, ஒரே விடை. எல்லாவற்றிலும் சிவப்பு மையால் ‘சரி’ போட்டு என் சுருக்கொப்பமும் இட்டிருந்தேன். மறுநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்ட கேள்வியில் அந்த 28 ‘சரி’யும் தவறாகிவிட்டன. அந்தத் தவறும் அதைத் திருத்த நாங்கள் செய்த செயல்பாடுகளும்தான் இந்தக் கட்டுரை. அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மேசையிலிருந்து வகுப்பறைக்கு

என் வீட்டு மேசையில் சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அளவுமாதிரி ஒன்று இருந்தது. நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன அமெரிக்க ராக்கெட் அது. சேகரிப்பாளர்கள் வாங்கி மேசையில் நிறுத்தி அழகு பார்க்கும் வகை. அடிப்பீடத்தில் 1:200 என்று எழுதியிருக்கும். பாடத்துக்காக அதை நான் வாங்கவில்லை, ஆசைக்காக வாங்கினேன். விகிதம் பற்றி மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்ததால், ஒருநாள் துணியில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்.

முதல் நாள் யாரையும் தொடவிடவில்லை. மேசைமேல் நிறுத்திவிட்டு, “இதன் உயரம் 55.3 செ.மீ. அளவு விகிதம் 1:200. அசல் ராக்கெட்டின் உயரம் என்ன?” என்று கேட்டேன். 55.3-ஐ 200-ஆல் பெருக்கினால் 11,060 செ.மீ., அதாவது 110.6 மீட்டர். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். திருவரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். அதற்கு மேல் இன்னொரு பாதிக் கோபுரம் வைத்த உயரம் என்றதும் வகுப்பில் வியப்பு.

அடுத்து, ஆய்வகத்திலிருந்த மின்னணுத் தராசில் மாதிரியைப் பீடம் இல்லாமல் வைத்தோம். 480 கிராம். “அசல் ராக்கெட்டின் நிறை என்ன?” என்று ஒரு மாணவி கேட்டாள். நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. “நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் 480-ஐ 200-ஆல் பெருக்கினார்கள். 96,000 கிராம், அதாவது 96 கிலோகிராம். பெருக்கல் சரியாக இருந்ததால் நானும் ‘சரி’ போட்டேன்.

மறுநாள் அந்த மாணவன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன். அவன் அப்பா இருசக்கர வாகனப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். “டீச்சர், எங்கப்பா வண்டியே 110 கிலோ. அம்மாம் பெரிய ராக்கெட்டு 96 கிலோன்னு வருதே?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருக்கலைப் பார்த்தேனே தவிர, விடை நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று நான் பார்க்கவில்லை. அவன் பார்த்திருக்கிறான். “நீ கேட்டதுதான் சரி. நான் போட்டது தவறு. எங்கே தவறியது என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்றேன்.

தீப்பெட்டியில் தெரிந்த விடை

மறுநாள் ஒவ்வொரு குழுவுக்கும் 27 வெற்றுத் தீப்பெட்டிகள் தந்தேன். பணி ஒன்றுதான்: ஒரு தீப்பெட்டியைப் போலவே, ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்காக உள்ள ‘பெரிய தீப்பெட்டி’யை அடுக்க வேண்டும்.

முதலில் பலர் இரண்டு பெட்டிகளை நீளவாக்கில் வைத்து, “முடிந்தது டீச்சர்” என்றார்கள். அகலமும் இருமடங்காக வேண்டுமே? நான்கு ஆயிற்று. உயரம்? எட்டு ஆயிற்று. அடுத்து மும்மடங்கு. அடுக்கி முடித்தபோது கொடுத்த 27 பெட்டிகளும் தீர்ந்திருந்தன.

கரும்பலகையில் எழுதினோம்:

நீளம் 2 மடங்கு என்றால் கன அளவு 2 × 2 × 2 = 8 மடங்கு.
நீளம் 3 மடங்கு என்றால் கன அளவு 3 × 3 × 3 = 27 மடங்கு.
நீளம் 200 மடங்கு என்றால் கன அளவு 200 × 200 × 200 = 80,00,000 மடங்கு.

எண்பது இலட்சம் என்று எழுதியபோது வகுப்பு அமைதியானது. 200 எங்கே, 80 இலட்சம் எங்கே! பொருள் ஒன்றாக இருந்தால், கன அளவு எத்தனை மடங்கோ நிறையும் அத்தனை மடங்கு. நேற்று நாங்கள் நீளத்துக்குரிய எண்ணை நிறைக்குப் பயன்படுத்திவிட்டோம். இதே போல மேற்பரப்பு 200 × 200 = 40,000 மடங்கு. மாதிரிக்குப் பூசிய வண்ணத்தைப் போல 40,000 மடங்கு பரப்பில் அசலுக்குப் பூச வேண்டும்.

இனி 480 கிராமை 80 இலட்சத்தால் பெருக்கினால் 3,840 டன் வருகிறது. அசல் சாட்டர்ன்-5, எரிபொருள் நிரப்பி ஏவுதளத்தில் நின்றபோது சுமார் 2,900 டன். இப்போதும் விடை பொருந்தவில்லை. ஆனால் முதல் தவறைப் போல இது அபத்தமாக இல்லை, அருகில் வந்திருக்கிறது. “ஏன் பொருந்தவில்லை?” என்ற கேள்விதான் அடுத்த மூன்று நாள்களின் பாடமாக அமைந்தது.

அசல் ராக்கெட்: ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாட்டர்ன்-5, வெர்னர் வான் பிரவுன் தலைமையில் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் உருவானது. முதல் முறை பறந்தது 1967 நவம்பர் 9. கடைசியாக 1973 மே 14-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தை ஏற்றிச் சென்றது. மொத்தம் 13 ஏவுதல்கள். 1968 டிசம்பர் முதல் 1972 டிசம்பர் வரை 24 மனிதர்களை நிலவை நோக்கிக் கொண்டுபோயிற்று. அவர்களில் 12 பேர் நிலவில் நடந்தார்கள்.

இது மூன்றடுக்கு ராக்கெட். முதல் அடுக்கில் 5 எஃப்-1 எஞ்சின்கள். எரிபொருள், தூய்மையாக்கிய மண்ணெண்ணெய். அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். இரண்டாம் அடுக்கில் 5 ஜே-2 எஞ்சின்கள், மூன்றாம் அடுக்கில் ஒரு ஜே-2 எஞ்சின். இவ்விரண்டிலும் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ், திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. நம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் இதே இரு திரவங்களைத்தான் பயன்படுத்துகின்றன என்று சொன்னால் மாணவர்களுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும்.

மாதிரியில் உள்ள கருப்பு, வெள்ளைப் பட்டைகள் அழகுக்காக என்று மாணவர்கள் நினைப்பார்கள். பறக்கும் ராக்கெட் தன் அச்சில் உருள்கிறதா என்பதைத் தொலைவிலிருக்கும் கேமராக்களில் பார்த்து அறிய உதவும் அடையாளம் அது.

செயல்பாடு 1: அளத்தல்

தேவை: மாதிரி அல்லது பின்னர் சொல்லவிருக்கும் காகித மாதிரி, அளவுகோல், நூல்.

இந்த முறை மாதிரியை மாணவர்கள் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு பகுதியையும் அளந்து, 200-ஆல் பெருக்கி, அசல் அளவை எழுதினார்கள். சரிபார்க்க உதவும் தோராய அளவுகள்:

முதல் அடுக்கு: அசல் உயரம் 42 மீ., மாதிரியில் 21 செ.மீ.; விட்டம் 10 மீ., மாதிரியில் 5 செ.மீ.
இரண்டாம் அடுக்கு: உயரம் 24.8 மீ., மாதிரியில் 12.4 செ.மீ.; விட்டம் அதே 5 செ.மீ.
மூன்றாம் அடுக்கு: உயரம் 17.8 மீ., மாதிரியில் 8.9 செ.மீ.; விட்டம் 6.6 மீ., மாதிரியில் 3.3 செ.மீ.
வீரர்கள் அமர்ந்த கட்டளைக் கலம்: உயரம் 3.4 மீ., மாதிரியில் 1.7 செ.மீ.; அடிப்புற விட்டம் 3.9 மீ., மாதிரியில் சுமார் 2 செ.மீ.
1.7 மீ. உயரமுள்ள மனிதர்: மாதிரியில் 8.5 மி.மீ.

8.5 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளம். மூன்று நெல்மணிகளைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டளைக் கலத்தின் அருகே வைத்தோம். ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள ராக்கெட்டில் ஆள் இருப்பது நுனியில் உள்ள இந்த 1.7 செ.மீ. கூம்பில் மட்டும்தான் என்பதை அதுவரை நான்கூட இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

கை மாறும்போது நுனியிலிருந்த மெல்லிய கோபுரம் முறிந்தது. பிடித்திருந்த மாணவியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் உள்ளே வலித்தது. முதல் நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். பசை தடவி ஒட்டிவிட்டு, அது எதற்காக இருக்கிறது என்று கேட்டேன். ஏவும்போது விபத்து நேர்ந்தால் கட்டளைக் கலத்தை மட்டும் பிய்த்து இழுத்துக்கொண்டு போகும் தப்பிப்புக் கோபுரம் அது. இரண்டாம் அடுக்கு எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில், தேவையில்லை என்று கழற்றி விடப்படும். சாட்டர்ன்-5 பயணம் எதிலும் அதற்கு வேலை வரவில்லை. ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது.

செயல்பாடு 2: நிறையைப் பிரித்தல்

தேவை: மணல், சிறிய பிளாஸ்டிக் பைகள், தராசு, அளவு ஜாடி, தண்ணீர்.

இப்போது கணக்கைத் திருப்பினோம். அசலின் 2,900 டன்னை 80 இலட்சத்தால் வகுத்தால் சுமார் 362 கிராம். அதாவது எரிபொருள் நிரப்பிய அசல் ராக்கெட்டை அப்படியே 200-இல் ஒரு பங்காகச் சுருக்க முடிந்தால் அது 362 கிராம்தான் இருக்கும். எங்கள் மாதிரியோ 480 கிராம்.

பிறகு அந்த 362 கிராமை மணலில் பிரித்தோம்:

முதல் அடுக்கு: சுமார் 2,280 டன், மாதிரியில் 285 கிராம்.
இரண்டாம் அடுக்கு: சுமார் 480 டன், மாதிரியில் 60 கிராம்.
மூன்றாம் அடுக்கு: சுமார் 120 டன், மாதிரியில் 15 கிராம்.
மேலே உள்ள கலங்களும் தப்பிப்புக் கோபுரமும்: சுமார் 50 டன், மாதிரியில் 6 கிராம்.

எண்கள் தோராயமானவை என்பதால் கூட்டுத்தொகையில் சில கிராம் வேறுபடும். அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். தோராயமாக்கல் பாடத்துக்கு அதுவே ஒரு எடுத்துக்காட்டு.

நான்கு பைகளையும் மேசையில் வரிசையாக வைத்தபோது, முதல் பை மற்ற மூன்றையும் சேர்த்ததைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரிது. அந்த முதல் பையிலும் 285 கிராமில் உலோகம், எஞ்சின் எல்லாம் சேர்த்து 16 கிராம்தான். அசலில் சுமார் 130 டன். மீதி அனைத்தும் எரிபொருளும் ஆக்சிஜனும்.

இதை உணர்த்த அளவு ஜாடியைப் பயன்படுத்தினோம். முதல் அடுக்கில் சுமார் 7,70,000 லிட்டர் மண்ணெண்ணெய், சுமார் 12,00,000 லிட்டர் திரவ ஆக்சிஜன். 80 இலட்சத்தால் வகுத்தால் முறையே 96 மி.லி., 150 மி.லி. தண்ணீரால் அளந்து இரு குவளைகளில் ஊற்றினோம். மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டாம், தண்ணீர் போதும். அசலில் இவை இரண்டும் ஏறத்தாழ 160 வினாடிகளில் தீர்ந்துவிடும். அதாவது வினாடிக்கு சுமார் 13 டன். கோடையில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று, ஒவ்வொரு வினாடியும் காலியாவது போல என்றேன். ஒரு மாணவன் கைதட்டி வினாடிகளை எண்ணினான். பத்தாவது லாரியில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இனி முக்கியமான கேள்வி. இத்தனையும் போய், எவ்வளவு திரும்பி வந்தது? நிலவை நோக்கிப் புறப்பட்ட அப்போலோ-11 கலங்களின் நிறை சுமார் 44 டன், மாதிரியில் 5.5 கிராம். 1969 ஜூலை 24 அன்று பசிபிக் கடலில் வந்து விழுந்த கட்டளைக் கலம் சுமார் 5 டன், மாதிரியில் 0.6 கிராம். பழைய பொற்கொல்லர் கணக்கில் ஐந்து குன்றிமணி எடை. குன்றிமணி நஞ்சுள்ளது, வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். நாங்கள் பத்துப் புளியங்கொட்டைகளை நிறுத்துப் பத்தால் வகுத்தோம். ஏறத்தாழ ஒரு புளியங்கொட்டைதான் திரும்பி வந்தது. அசல் கலம் இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

“அப்போ மீதி எல்லாம் எதுக்கு டீச்சர்?” என்றாள் முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவி. எரிபொருளைத் தூக்கிச் செல்லவே எரிபொருள் வேண்டும், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் அமையாது. காலியான தொட்டியை ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்களே கேட்டு, அடுக்கு ராக்கெட்டின் தேவையையும் அவர்களே சொன்னார்கள். செயல்பாட்டின்போது முதல் பையை மேசையிலிருந்து எடுத்துவிட்டால் இது கண்ணுக்கே தெரியும்.

செயல்பாடு 3: நடந்து பார்த்தல்

மாதிரியின் அருகிலேயே நிலவின் படத்தை வைப்பது வழக்கம். அதனால் நிலவு பக்கத்தில் இருப்பதாக ஓர் எண்ணம் மனத்தில் பதிகிறது. இந்தச் செயல்பாடு அதைச் சரிசெய்யும்.

முதல் அடுக்கு கழன்று விழும்போது அப்போலோ-11 இருந்த உயரம் சுமார் 67 கி.மீ. 200-ஆல் வகுத்தால் 335 மீட்டர். பள்ளி வாசலிலிருந்து அளந்தபடி நடந்தோம். பேருந்து நிறுத்தத்திலேயே 335 மீட்டர் வந்துவிட்டது. 362 கிராமில் 285 கிராம் இந்த இடத்துக்குள் போய்விட்டது என்று சொல்லி, மணல் பையை அங்கேயே ஒரு மாணவனிடம் கொடுத்து நிறுத்தினேன். அடுத்து, பூமியைச் சுற்றும் பாதை சுமார் 185 கி.மீ. உயரம். மாதிரி அளவில் 925 மீட்டர். நியாயவிலைக் கடையைத் தாண்டிச் சற்றுத் தூரம். அங்கே அறுபது கிராம் பையும் காலி. மூன்றாம் அடுக்கிலும் ஒரு பகுதி தீர்ந்துவிட்டது.

“நிலா எங்கே இருக்கும்?” என்றேன். பூமியிலிருந்து நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. 200-ஆல் வகுத்தால் 1,922 கி.மீ. சென்னையில் டெல்லி ரயில் ஏறினால் குவாலியரைத் தாண்டி ஆக்ராவை நெருங்கும் தூரம். சாலையோரத்தில் நின்றபடியே அதைக் கணக்கிட்டோம். ஐந்தில் நான்கு பங்கு நிறை முதல் 335 மீட்டரில் போய்விட்டது. மிச்சமிருக்கும் சில கிராம்கள் 1,922 கிலோமீட்டர் போயிருக்கின்றன. புறப்படுவதுதான் கடினம் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரு குறிப்புகள். இங்கே உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ராக்கெட் மேலே போவதோடு பக்கவாட்டிலும் வேகம் எடுக்கிறது. வேகம்தான் அதைப் பூமியைச் சுற்றிவர வைக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலும் சாலையில் அழைத்துச் செல்லும்போது தலைமையாசிரியரின் அனுமதியும் உடன் இன்னோர் ஆசிரியரும் தேவை. இடம் இல்லாத பள்ளிகளில், விளையாட்டுத் திடலைச் சுற்றிவரும் தூரத்தை அளந்துகொண்டு எத்தனை சுற்று என்று கணக்கிடலாம்.

மாதிரி எதில் உண்மை சொல்கிறது?

480 கிராமுக்கும் 362 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இப்போது விடை தேடினோம். மாதிரியின் சுவர் சுமார் 2 மி.மீ. தடிமன். 200-ஆல் பெருக்கினால் 40 செ.மீ. நம் வீட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அசல் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிச் சுவரோ சில மில்லிமீட்டர்தான். அதை 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 200-இல் ஒரு பங்கு 0.025 மி.மீ. நோட்டில் 100 தாள்களின் தடிமனை அளந்து 100-ஆல் வகுக்கச் சொன்னேன். ஒரு தாளின் தடிமனில் சுமார் நாலில் ஒரு பங்குக்கு வந்தது. அப்படி ஒரு மாதிரியைச் செய்தால் கையில் பிடித்ததும் கசங்கிவிடும்.

ஆகவே எங்கள் மாதிரி வடிவத்தில் உண்மை சொல்கிறது, உயரத்திலும் விட்டத்திலும் உண்மை சொல்கிறது. சுவர்த் தடிமனில் பொய் சொல்கிறது. நிறையில் பொய் சொல்கிறது. உள்ளே திரவம் இருப்பதை மறைக்கிறது. மூன்றாம் அடுக்குக்கு மேலுள்ள கூம்புக்குள், 7 மீட்டர் உயரமுள்ள ஈகிள் நிலவுக் கலம் கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பதையும் காட்டுவதில்லை. இதை இரு பத்திகளாக, ‘உண்மை’, ‘பொய்’ என்று மாணவர்கள் நோட்டில் எழுதினார்கள்.

பொறியாளர்களும் இந்த வேறுபாட்டைக் கவனித்துத்தான் வேலை செய்தார்கள். காற்றோட்டத்தை ஆராயக் காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரிகளை வைத்தபோது வெளி வடிவம் சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். பறக்கும்போது ராக்கெட் எப்படி அதிரும் என்று அறிய அது போதாது. நிறையும் விறைப்பும் சரியாக இருக்க வேண்டும். அதற்காக லாங்லி ஆய்வு மையத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் தனி மாதிரி செய்தார்கள். அதோடும் நிற்கவில்லை. முழு அளவு ராக்கெட் ஒன்றையே ஹன்ட்ஸ்வில்லில் உயரமான சோதனைக் கோபுரத்துக்குள் நிறுத்தி அதிரவைத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை ராக்கெட் இன்றும் அதே ஊரின் அருங்காட்சியகத்தில் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. ஹூஸ்டனிலும் கென்னடி விண்வெளி மையத்திலும் இன்னும் இரண்டைப் பார்க்கலாம்.

மாதிரி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கடைகளில் 1:72, 1:96, 1:144 என்று பல அளவுகளில் கிடைக்கின்றன. 2017-இல் வந்த லெகோ சாட்டர்ன்-5 ஒரு மீட்டர் உயரம், ஏறத்தாழ 1:110. அதில் நிலவில் இறங்கிய ஆண்டைக் குறிக்கும்படி 1,969 துண்டுகள். இவை விலை கூடியவை. இந்தப் பாடத்துக்கு இரண்டு சார்ட் தாள்கள் போதும்.

முதல் அடுக்குக்கு 15.7 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரமுள்ள தாளை உருளையாகச் சுருட்டி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு அரை செ.மீ. கூடுதலாக விடவும். இரண்டாம் அடுக்குக்கு 15.7 செ.மீ., 12.4 செ.மீ. மூன்றாம் அடுக்குக்கு 10.4 செ.மீ., 8.9 செ.மீ. இந்த அகலங்கள் எப்படி வந்தன என்று மாணவர்களையே கேளுங்கள். வட்டத்தின் சுற்றளவு பாடம் அங்கே முடிந்துவிடும். மேலே சுமார் 12.5 செ.மீ. உயரத்துக்குக் கூம்பு, கலங்கள், ஊதுபத்திக் குச்சியில் தப்பிப்புக் கோபுரம். காகித மாதிரியில் அந்தந்த அடுக்குக்கு உரிய மணல் பையை உள்ளேயே வைக்கலாம். நிறையில் என் மாதிரியைவிட அதுவே உண்மைக்கு நெருக்கமானது.

“நம்ம ராக்கெட் இந்த அளவில் எவ்வளவு?” என்ற கேள்வி எந்த வகுப்பிலும் வரும். சந்திரயான்-3-ஐ 2023 ஜூலை 14 அன்று ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3, உயரம் 43.5 மீ., நிறை சுமார் 640 டன். 1:200-இல் சுமார் 21.8 செ.மீ., 80 கிராம். அதையும் தாளில் செய்து பக்கத்தில் நிறுத்தினோம். சாட்டர்ன்-5-இன் முதல் அடுக்கு உயரம்தான் இருந்தது. சில முகங்கள் வாடின. மூன்று மனிதர்களை நான்கு நாளில் கொண்டுபோய், அவர்களில் இருவரை இறக்கி, மூவரையும் திரும்ப அழைத்துவருவது ஒரு பணி. மனிதர் இல்லாத சிறிய கலத்தை, படிப்படியாகச் சுற்றுப்பாதையை உயர்த்தி 40 நாளில் இறக்குவது இன்னொரு பணி. பணிக்கேற்ற அளவு என்று பேசினோம். குறைவான எரிபொருளில் போவதற்குக் காலத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்று ஒரு மாணவன் சொன்னான்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் கன அளவு மடங்குகள் வேண்டாம். ‘ஒரு செ.மீ. என்றால் 2 மீட்டர்’ என்று மட்டும் சொல்லி, நெல்மணி மனிதரிலிருந்து தொடங்கலாம். பள்ளிக் கட்டடம், தென்னை மரம், பேருந்து ஆகியவற்றை அதே அளவில் தாளில் வெட்டி ராக்கெட்டின் அருகே நிறுத்தலாம். தீப்பெட்டி அடுக்கும் பகுதியை இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டால் விளையாட்டாகவே அமையும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 1:100 அளவில் சாட்டர்ன்-5 மாதிரியின் உயரம் என்ன? எரிபொருளோடு அப்படியே சுருக்கினால் நிறை என்ன?
2. ஒரு சிற்பி 1 அடி மெழுகுச் சிலையைப் போலவே 3 அடி மெழுகுச் சிலை செய்கிறார். மெழுகு எத்தனை மடங்கு தேவை?
3. ஒருவர் 1:10 பேருந்து மாதிரியின் நிறையைப் பத்தால் பெருக்கி அசலின் நிறையைச் சொல்கிறார். அவருக்கு நீங்கள் எப்படி விளக்குவீர்கள்?
4. உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள ஒரு மாதிரியை எடுத்து, அது உண்மை சொல்லும் இரண்டையும் பொய் சொல்லும் இரண்டையும் எழுதுக.

நான்காம் வினாவை நம் ஆசிரியர்களும் ஒருமுறை செய்து பார்க்கலாம். பூமி உருண்டையில் மலைகள் புடைத்துத் தெரியும்படி செய்திருப்பார்கள். அளவுப்படி செய்தால் எவரெஸ்ட்கூட மிக மிகச் சிறிய புடைப்பாகவே இருக்கும். சூரியக் குடும்பப் படத்தில் கோள்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இதயத்தின் மாதிரியில் நீலமும் சிவப்பும் பூசியிருப்பார்கள். இவை தவறல்ல, காட்ட வேண்டியதைக் காட்டுவதற்காகச் செய்தவை. எதைக் காட்டுவதற்காக எதை விட்டார்கள் என்று நாம் சொல்லாவிட்டால், மாணவர்கள் எல்லாவற்றையும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். என் வகுப்பில் நடந்தது அதுதான்.

அந்த 28 நோட்டுகளையும் திரும்ப வாங்கினேன். என் ‘சரி’யை அடித்து, அருகில் “ஆசிரியர் திருத்தம்” என்று எழுதித் தேதியிட்டேன். கேள்வி கேட்ட மாணவனின் நோட்டில் மட்டும், “இந்தத் திருத்தம் உன்னால் வந்தது” என்று சேர்த்து எழுதினேன். அதை அவன் அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் கையில் மசகு எண்ணெய்க் கறையோடு நேராகக் கடையிலிருந்து வந்தார். மேசையிலிருந்த ராக்கெட்டைப் பார்த்துவிட்டு, “இதாங்களா டீச்சர், 2,900 டன்?” என்று கேட்டார். கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.